ஒன்றை அழுத்தியது நான்தான்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். என் படிப்பும் அதோடு சரி. நீயும் நலமாக இல்லை, நானும் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று பத்து நாளாகப் பார்த்தேன். நீ "சொல்லும்மா" என்றவுடன் "சாப்பிட்டியாடா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நடுவில் நீ பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

உங்கப்பா போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஓசூருக்குப் பஸ் ஏறினாய். போன மறுநாளே இன்டர்நெட்டில் ஒன்று எழுதிப் போட்டாய். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி மதினியின் மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு நானே எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். ஓடைப் பாலம் விழப்போகிறது என்று என் அம்மா மனுக் கொடுத்தார், பாலத்தில் ஒரு கல்லைக்கூட வைக்காமல், மனுக் கொடுத்தவர் திருப்தி அடைந்துவிட்டார் என்று அவர் பெயரில் பொய்யாகப் பதிந்து மனுவை மூடிவிட்டார்கள், அந்தப் பொய்தான் என் அப்பாவைக் கொன்றது என்று எழுதியிருந்தாய். கீழே பாலத்தை அளக்க வந்த ஓவர்சியரின் படமும் இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் அதைப் பார்த்தார்கள், அழுதார்கள், அவரைத் திட்டினார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை என்னையும் டவுனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அது பொய் இல்லை தம்பி. திருப்தி என்று சொன்னது நான்தான். போனில் என் விரலால் ஒன்றாம் நம்பரை அழுத்தினேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்த வைக்கவில்லை. நீ அதை எங்கே போட்டாயோ அங்கேயே இந்தக் கடிதத்தையும் போட வேண்டும். அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்குச் சொல்வது போல எழுதுகிறேன்.

இந்த நாலு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அரசாங்கத்திடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. மந்தையில் ஆம்பளைகள் கூடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று எண்ணிக்கொள்வார்கள். அத்தனை பேரும் வெள்ளனே எழுந்து, ஓடையைத் தாண்டி, கவுஞ்சி வரைக்கும் நடந்து, பஸ் ஏறி, டவுனில் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அதிகாரி வெளியே வந்து பேசுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். சில தரம் நடந்தது, பல தரம் நடக்கவில்லை. அதை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எண்ணிக்கையில் பொம்பளை கிடையாது. ஒரு கோடையில் குடிதண்ணீர்க் குழாய் வராமல் போனது. நீ அப்போது கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மந்தைக்குப் போய், ஓடையில் தண்ணீர் சுமக்கிறவள் நான், நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன். "ஏத்தா, இது ஆம்பளைக பேசுற எடம். போயி ஒலையப் பாரு" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். உங்கப்பா சிரிக்கவில்லை. ஆனால் அவ பேசட்டும் என்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "ஒனக்கு எதுக்குடி அந்தச் சோலி?" என்றார். அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் பொது விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை.

அப்புறம் எதிர் மலையில் டவர் வந்தது. மந்தையில் சிக்னல் கிடைக்கும், நம் வீட்டுப் பக்கம் கிடைக்காது, நம் பூண்டுக்காட்டின் மேல்படியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கிடைக்கும். நீ பொங்கலுக்கு வந்தபோது கொடைக்கானல் பஜாரில் பாய் கடையில் வாங்கிய போனை என் கையில் கொடுத்து, அந்தத் தொட்டிக் கல்லில் என்னை உட்கார வைத்தாய். "அம்மா, இனிமே நீ எவங்கிட்டயும் போயி நிக்க வேண்டாம். ஊர்க் கொறய இதுல சொல்லு. அமுத்திட்டுப் பேசுனா அதே எழுதிக்கிரும்" என்றாய். "கேக்குறது யாரு?" என்றேன். "கவர்மெண்டே கேக்கும்." நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வணக்கமுங்க, நாங்க நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏம்மா, கவர்மெண்டப் போயி நலம் விசாரிக்கிறியா" என்று அந்த வரியை அழித்தாய். அன்றைக்கு நான் சொன்னது தெருவிளக்கு. பத்தே நாளில் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். வந்தவர் காகிதத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்லி, "இவங்க வீடு எது?" என்று ஊருக்குள் கேட்டுக்கொண்டு வந்தார். என் பெயரைச் சொல்லி, தம்பி. அத்தனை வருஷமும் நான் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய அம்மா. உங்கப்பா அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு, "ஏ கலெக்டரம்மா, ஒரு வா காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்றார். கேலிதான், ஆனால் முகத்தில் பெருமையும் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன் கெட்டது என்று நான் எழுதுவதாக நீ நினைத்துவிடக் கூடாது. என் வாயைத் திறந்தது அதுதான். ஆனால் ஊர் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மந்தையில் இப்போதும் கூடுகிறார்கள், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டெல்லியில் யார் யாரைத் திட்டினார், சென்னையில் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பதெல்லாம் தெரியும். அதற்காக அண்ணன் தம்பி பேசாமல் போனதும் உண்டு. நம் ரேஷன் கடை எந்தக் கிழமை திறக்கும் என்று கேட்டால் தெரியாது. கிராம சபைக்கு முன்பெல்லாம் பந்தல் கொள்ளாது, போன தடவை வந்தவர்களை ஒரு பாயில் உட்கார வைத்துவிடலாம். கேட்டால், "அதேன் குரூப்புல போட்டாச்சே" என்கிறார்கள். பாலத்தின் அடியில் மண் அரித்து ஓட்டை விழுந்ததை வார்டு மெம்பர்தான் முதலில் படம் எடுத்து ஊர்க் குரூப்பில் போட்டார். எல்லாரும் கைகூப்பியும் கட்டைவிரலைத் தூக்கியும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவர்கூடச் சாக்கில் மண் அள்ளிக்கொண்டு வரவில்லை. பாலத்துக்கு மனுக் கொடுங்கள் என்று என்னிடம்தான் வந்து சொன்னார்கள். நான்தானே விளக்கு வாங்கிக் கொடுத்தவள். தொட்டிக் கல்லில் உட்கார்ந்து அதையும் பேசிப் பதிந்தேன். நம்பர் வந்தது. அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

இனி எழுதப்போகிற பத்தி உனக்கு மட்டும். ஊருக்குப் போடும்போது இதை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உங்கப்பா அந்த ஓட்டையைக் கல் போட்டு அடைக்கிறேன் என்று கடப்பாரையை எடுத்தார். நான் உனக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அப்பா, தொடாதீங்க. நீங்க கல்லப் போட்டு அடச்சுட்டா வந்து பாக்குறவன் பாலம் நல்லாருக்குன்னு படம் எடுத்துட்டுப் போயிருவான். மனு தள்ளுபடி ஆயிரும். அது அப்படியே கெடக்கட்டும்" என்றாய். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "படிச்சவன் சொல்றான், சரியாத்தேன் இருக்கும்" என்று கடப்பாரையை மாட்டுக் கொட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டார். நீ சொன்னது தப்பான எண்ணத்தில் இல்லை. ஒட்டுப் போட்ட பாலமாக இல்லாமல் நல்ல பாலமாக வர வேண்டும் என்று நினைத்தாய். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, நானும் ஒன்றும் சொல்லவில்லை. பழிக்காக எழுதவில்லை சாமி. பதினாறு நாளும் அந்தக் கடப்பாரை பக்கமே போகாமல் நீ சுற்றிச் சுற்றி நடந்ததைப் பார்த்தேன். நீயும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய், நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று அப்போதே தெரிந்தது.

பிறகு ஓவர்சியர் வந்தார். நீ படம் போட்டாயே, அவரேதான். வயது உன் வயதுதான் இருக்கும். டேப்பைப் பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் தனியாக வந்தார், உங்கப்பாதான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஓடைக்குள் இறங்கி அளந்தார், படம் எடுத்தார். மழைத் தூறலில் உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன். பீன்ஸ் பொரியலும் ரசமும்தான். தட்டை நக்காத குறையாகச் சாப்பிட்டார். காலையில் எதுவும் சாப்பிடவில்லை போல. கை கழுவிவிட்டுச் சொன்னார்: "அம்மா, எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பிருவேன். அவுக பாத்து நிதி ஒதுக்கணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். ஆனா மனுவ ஏழு நாளைக்குள்ள முடிக்கலேன்னா என் பேரு கம்ப்யூட்டர்ல செவப்புல காட்டும். எனக்கு இந்த மாதிரி எத்தன ஊரு தெரியுமா? ஒங்களுக்கு ஒரு போனு வரும். திருப்தியான்னு கேக்கும். ஆமான்னு சொல்லிருங்கம்மா. வேலைய நான் விட்டுற மாட்டேன்." உங்கப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏன் சார், பாலம் கட்டாமத் திருப்தின்னு எப்பிடிச் சொல்றது?" என்றார். அவர் கையைப் பிசைந்தார். "அய்யா சொல்றது நாயந்தேன். ஆனா அந்தக் கம்ப்யூட்டருக்கு நாயம் தெரியாதுங்களே" என்றார். உங்கப்பா சிரித்துவிட்டார்.

நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு, ஓசூர் போன பிறகு உனக்கு மறந்திருக்கும். வீட்டில் கை நனைத்தவரைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்லக் கூடாது. உன் பெரியப்பா வரப்புத் தகராறில் கேஸ் கொடுக்கப் போனபோது, எதிராளி போன தீபாவளிக்கு உன் வீட்டில் சாப்பிட்டவன்தானே என்று ஊரே அவரைத் திருப்பிக் கூட்டி வந்தது. அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவள் நான். எட்டாம் நாள் பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். ஒரு பெண் குரல். எவ்வளவு மரியாதையாகப் பேசியது தெரியுமா. வணக்கம் சொல்லி, என் மனு நம்பரைச் சொல்லி, உங்கள் குறை தீர்க்கப்பட்டதில் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும் என்றது. "வணக்கம்மா. இன்னும் கட்டலம்மா, ஆனா வந்து பாத்துட்டுப் போயிருக்காரு, எழுதி அனுப்புறேன்னு சொல்லிருக்காரு, அவருமேல ஒண்ணும் தப்பில்ல" என்று சொன்னேன். அந்தக் குரல் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. முதலில் சொன்னதையே மறுபடி சொன்னது. நான் மறுபடியும் விளக்கினேன். மூன்றாம் தரமும் அதையே சொன்னது. நான் சொல்ல வந்ததற்கு அதில் நம்பர் இல்லை. இரண்டை அழுத்தினால் என் சோற்றைத் தின்றவரை நான் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று நினைத்தேன். ஒன்றை அழுத்தினேன். நன்றி என்றது, வைத்துவிட்டது. சாயங்காலம் உங்கப்பாவிடம் சொன்னேன். "போகுது விடு, மனுசன் வார்த்த தவற மாட்டான்" என்றார். அவர் எழுதி அனுப்பினாரா, அனுப்பி மேலே எங்கேயாவது கிடந்ததா, எனக்குத் தெரியாது. மனு முடிந்துவிட்டதால் அதைக் கேட்கவும் யாருக்கும் நம்பர் இல்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், சுருக்கமாக எழுதுகிறேன். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை மழை விட்டுக் கொஞ்சம் வெறித்தது. பீன்ஸ் பறித்து இரண்டு நாளாகக் கிடந்தது, வண்டி அக்கரையில் வந்து நிற்கும் என்று உங்கப்பா மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். "வெரசா வந்துருவேன், கஞ்சிய ஆத்தி வையி" என்றார். பாலம் அவரோடு போய்விட்டது. நான் ஓடைக்குப் போய்ச் சேருவதற்குள் அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கையில் எல்லாம் போன். நான் அவர்களை விலக்கிக்கொண்டுதான் அவரிடம் போக வேண்டியிருந்தது. உனக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நீ ஓசூரில் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து ஊர்க் குரூப்பைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டாய். ஒரு தாய் தன் மகனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்று, அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. மறுநாள் அந்தப் படம் எங்கெங்கோ போனது. ஒரு கட்சிக்காரர்கள் அவர் படத்துக்கு மாலை போட்டு மறு கட்சியைத் திட்டினார்கள். மறு கட்சிக்காரர்கள், அவர் குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதினார்கள். ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். அதையும் நான் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். முழுசாக வாசித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

பதினாறு நாளும் ஒரே வீட்டில் இருந்தோம். நீ என்னிடம் மனு நம்பர் கேட்டாய், போனை வாங்கிப் பார்த்தாய், மனு முடிந்தது என்று வந்த மெசேஜைப் படம் எடுத்துக்கொண்டாய். மெம்பரிடம் பேசினாய், பத்திரிகைக்காரரிடம் பேசினாய், முகம் தெரியாத வக்கீலிடம் போனில் பேசினாய். "அம்மா, நீ அமுத்துனியா?" என்று என்னிடம் மட்டும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. என் அம்மா அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று நினைத்தாயோ, அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாயோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. நீ அவ்வளவு கோபமாக இருந்தாய். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தாய், அதைப் பிடுங்கினால் விழுந்துவிடுவாய் போலிருந்தது. என்னைவிட அதிகாரியைக் குற்றம் சொல்வது எனக்கும் சுலபமாக இருந்தது. அதுதான் உண்மை. இனி ஏதாவது எழுதிப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேள். இதுதான் உனக்கு நான் சொல்கிற புத்தி. புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை என்றும் தெரியும்.

பத்து நாளுக்கு முன்னால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது புது நம்பரிலிருந்து போன் வந்தது. "யக்கா, நான் பெரும்பாறையில இருந்து பேசுறேன். காப்பித் தோட்டத்துல வேல பாக்குறவ. அந்த ஓவர்சியரு எம் மகன்" என்றாள் ஒரு பொம்பளை. "நீங்க வீட்டுக்காரரப் பறிகொடுத்து நிக்கிறீக. ஒங்ககிட்டக் கேக்க எனக்கு வாயில்ல. இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் எங்களோட மொகங்குடுத்துப் பேசுறதில்ல. அவன் படுத்த பாய விட்டு எந்திரிக்க மாட்டேங்குறான். அம்மா, நான் அமுத்தலம்மான்னு சொல்றான். ஊரு ஒலகம் நம்பல, பெத்த நான் நம்பணுமில்ல? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. ஒங்க பேர்ல அவன் பொய்யா அமுத்துனானா?" நான் வாயைத் திறக்கவில்லை. "யக்கா, இருக்கீகளா?" என்றாள். டவர் போய்விட்டதைப் போலப் போனை அணைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. தம்பி, உங்கப்பாவைக் கரையில் பார்த்தபோதுகூட என்னை நானே இப்படி வெறுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பாப்பாத்தி மதினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அன்று சாயங்காலமே மெம்பரைக் கூட்டி வந்துவிட்டாள். நீ எழுதியதைப் பார்த்துத்தானே பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்து பாலத்துக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். மெம்பர் சொன்னார்: "சின்னம்மா, விசாரணையில எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு வந்துருங்க. இப்பத்தேன் ஃபைலு நகருது. நீங்க போயி நான்தேன் அமுத்துனேன்னு சொன்னா, அப்ப மனு ஒழுங்காத்தேன் முடிஞ்சிருக்குன்னு கட்டி வச்சுருவாங்க. பாலமும் வராது ஒண்ணும் வராது." "அப்ப அந்த ஓவர்சியரு?" என்றேன். "அவருக்கு வேற எடத்துல வேல போட்டுக் குடுப்பாங்க. கவர்மெண்டு ஆளு சின்னம்மா, விழுந்தாலும் மெத்தையிலதேன் விழுவான்." மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, அண்ணன் போனது போயிருச்சு. நம்ம பிள்ளைக அந்தத் தண்ணில எறங்கித்தேன் பள்ளிக்கூடம் போகுதுக. அதுகளப் பாரு" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் பேத்தியும் அதில்தான் இறங்கிப் போகிறாள். "பாலம் வந்தா அதுல யாரு பேரச் சொல்லிக்கிட்டு நான் நடக்கட்டும்?" என்று கேட்டேன். "ஒன்னய யாரு நடக்கச் சொன்னது, பிள்ளைக நடக்கட்டும்" என்று அழுதுகொண்டே எழுந்து போனாள். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நான் ஒன்றை அழுத்தியதும் உண்மை. அவர் அழுத்தச் சொல்லிக் கேட்டதும் உண்மை. பாலம் கட்டாததும் உண்மை. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டுக்கொள்ளும் காது எங்கே இருக்கிறது? மந்தையில் எனக்கு இடம் இல்லை. இப்போது நம் வீட்டில் ஆம்பளையும் இல்லை, எண்ணிக்கையிலேயே வராது. போனில் அதற்கு நம்பர் இல்லை. விசாரணை செய்கிறவரும் தமக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் எழுதிக்கொள்வார். நீ இதைப் போட்டாலும் உன்னைக் கொண்டாடியவர்களே நாளைக்கு உன்னைப் பொய்யன் என்பார்கள், என்னைக் கொலைகாரி என்பார்கள், அடுத்த நாள் வேறு யாரையோ பார்க்கப் போய்விடுவார்கள். ஏதாவது நல்லது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தும் பெரும்பாறையில் ஒருத்தி தன் மகனை நம்புவதற்கு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்து என்னால் சரிசெய்ய முடிந்தது அது ஒன்றுதான். நேற்று தொட்டிக்குப் போய் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். "இல்ல தாயி, அமுத்துனது நான்தேன். அமுத்தச் சொன்னது ஒம் மகன். ரெண்டையும் வியாழக்கெழம சொல்லப்போறேன்" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவளும் வைத்துவிட்டாள்.

நீ வர வேண்டாம். லீவு இனிமேல் கிடைக்காது என்று சொன்னாய். என்னோடு பேச உனக்கு மனம் வராமல் போனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க வெள்ளனே கிளம்ப வேண்டும். தற்காலிகமாகப் போட்ட மணல் மூட்டைகளை முந்தாநாள் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. முழங்காலுக்கு மேல் ஓடுகிறது. அவர் போன இடத்தில்தான் இறங்கி நடக்க வேண்டும், அங்கேதான் ஆழம் குறைவு. கூட யாரும் வர மாட்டார்கள். அன்றைக்குக் கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்றால் பயந்துகொள்ளாதே. நனைந்துவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

அம்மா